முகப்புக்கு வந்த சிமெண்ட்

தூத்துக்குடி
2.9.1974

மகள் அருணாசலவடிவுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். நெய்வேலியில் நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துத்தான் கொள்ள வேண்டியிருக்கிறது. ஆடி மாதம் முழுக்க உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

விஷயம் இது. தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து பெர்மிட் சிமெண்ட் வாங்கிவிட்டேன். மூட்டைகளை முன்னறையில் பலகை மேல் அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். கடல் காற்று பட்டால் கல்லாகிப் போகும். அதற்குள் வேலையை முடிக்க வேண்டும். இன்னொரு பெர்மிட் இந்த ஜென்மத்தில் கிடைக்காது.

வீட்டுக்கு முகப்பு கட்டப் போகிறேன். போர்டிகோ. இரண்டு தூண், மேலே தளம், கீழே மொசைக். நெற்றியில் சிமெண்ட் எழுத்தில் என் பெயரும் வருஷமும். கொத்தனார் பர்னபாசிடம் பேசியாயிற்று.

இப்போது எதற்கு என்று கேட்பாய். துறைமுகம் திறந்ததிலிருந்து வெளியூர் ஆபீசர்கள் வந்தபடி இருக்கிறார்கள். முத்தையாபுரம் பக்கம் ஆடு மேய்ந்த தரிசுக்கெல்லாம் கல் நட்டு விற்கிறார்கள். புரோக்கர் செல்லப்பாண்டி சாயங்காலம் தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறான். “அண்ணாச்சி, வீடு வாங்க வாரவன் உள்ள வந்தா பாக்கான்? வாசல்ல நின்னே வெலைய முடிவு பண்ணிருதான். மொகப்பு இல்லாத வீடு மொட்டத் தல மாதிரிலா இருக்கு” என்கிறான். அவன் தலை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

வீட்டை நான் விற்கப் போவதில்லை. எனக்குப் பிறகு நீ விற்பாய். இருப்பது நீ ஒருத்தி. நெய்வேலியை விட்டு இங்கே வந்து உப்புக் காற்றில் குடியிருக்க உனக்கென்ன தலையெழுத்து? உன் கல்யாணத்துக்கு மறுநாள், பந்தலைக்கூடப் பிரிக்கவில்லை, மாப்பிள்ளை சங்கரபாண்டியன் என் வாசலில் நின்றுகொண்டு, “மாமா, இந்த வீடு இன்னைக்கு என்ன வெலைக்குப் போவும்?” என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. போகிறதுதான் போகிறது, நல்ல விலைக்குப் போகட்டும். அதற்குத்தான் முகப்பு.

இந்த வருஷம் மழையைக் காணோம். நம் கிணறு மட்டும் குறையவில்லை. எதிர்வீட்டு மெட்டில்டாவில் தொடங்கி தெருவே நம் வீட்டில்தான் இறைக்கிறது. உன் அம்மா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
சிவனணைந்தபெருமாள்


நெய்வேலி
12.9.1974

அன்புள்ள ஐயாவுக்கு,

வடிவு எழுதுவது. ஆடியில் எழுதாததற்குக் கோபப்படாதீர்கள். நிச்சயமாகத் தெரிந்த பிறகு எழுதலாம் என்று இருந்துவிட்டேன். இப்போது நாலாம் மாதம். ஆஸ்பத்திரியில் மாசிக் கடைசி என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மாவிடம் இந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை வாசித்துக் காட்டுங்கள்.

தலைப்பிள்ளை தாய்வீட்டில்தான் என்று என் மாமியாரும் சொல்லிவிட்டார்கள். தையில் நீங்கள் வந்து கூட்டிக்கொண்டு போனால் பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகும்வரை அங்கேதான் இருப்பேன்.

முகப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஐயா, ஒன்று கேட்கிறேன். எப்படி எழுதுவது என்று தெரியாமல் இதற்குள் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். அந்தச் சிமெண்டை வைத்து, சமையலறையை ஒட்டின சாமான் அறையைத் தண்ணீர் ஊற்றுகிற கக்கூசாகவும் குளிக்கிற இடமாகவும் மாற்ற முடியுமா? இங்கே குவார்ட்டர்சில் அப்படித்தான் இருக்கிறது. நாற்றம் கிடையாது. கொல்லைக் கடைசியில் இருக்கிற எடுப்புக் கக்கூசை இடித்துவிடலாம். அதைச் சுமக்க ஒரு மனுஷி தினமும் பின்சந்துக்கு வர வேண்டாம்.

விலைக்காகத்தான் செய்கிறேன் என்கிறீர்கள். விலைக்கும் இதுதான் நல்லது. இங்கே வீடு பார்க்க வருகிற பெண்கள் முதலில் திறந்து பார்ப்பது குளியலறைக் கதவைத்தான். முகப்பில் நாம் உட்காரப் போவதில்லை, தெருவில் போகிறவன் பார்ப்பான். இதையோ இருக்கிற வரைக்கும் நீங்களும் அம்மாவும் அனுபவிக்கலாம். தொட்டிக்குக் குழியைக் கிணற்றுக்கு அந்தப் பக்கம் வெட்டினால் போதும் என்று இவர் சொல்கிறார்.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

உங்கள் மகள்,
வடிவு


தூத்துக்குடி
19.9.1974

மகள் வடிவுக்கு,

நல்ல செய்தி. உன் அம்மா இரண்டு தடவை அல்ல, நாலு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு மெட்டில்டாவைக் கூப்பிட்டு அவளையும் வாசிக்கச் சொன்னாள், நான் ஏதோ விட்டுவிட்டு வாசித்த மாதிரி.

நீ கேட்டது நடக்காது.

சோறு பொங்குகிற அறைக்கு அடுத்த சுவரில் கக்கூசா? அதை விடு, பழகினால் சரியாகிவிடும் என்பாய். கிணற்றுக்கு என்ன பதில்? நம் கொல்லை எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியாதா? எந்த மூலையில் குழி வெட்டினாலும் அது கிணற்றின் விலாவில்தான் போய் இடிக்கும். எடுப்புக் கக்கூசில் குழி கிடையாது. அதனால்தான் இத்தனை வருஷமும் அதை அப்படியே வைத்திருந்தேன். நாகரிகம் தெரியாமல் அல்ல.

இந்த மனையை வாங்கும்போது உன் பெரியப்பா, மார்க்கெட் பக்கம் வாங்கச் சொன்னார். நான் பக்கத்து மனைகளில் எல்லாம் தண்ணீர் வாங்கி நாக்கில் விட்டுப் பார்த்தேன். கருப்பட்டிக் கமிஷன் கடையில் நாக்கை வைத்துப் பிழைத்தவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மற்றதெல்லாம் கருப்பட்டி பொதிந்து வந்த பத்திரிகைத் தாளில் படித்ததுதான். இங்கே நல்ல தண்ணீர் ஓடும் என்று சொன்னேன். சிரித்தார்கள். வெட்டினோம். சுற்றிலும் உப்பு, நம் கொல்லையில் மட்டும் இளநீர். இந்த வீட்டின் விலையே அந்தக் கிணறுதான். மாப்பிள்ளை முதலில் வீட்டுக்கு விலை கேட்டார். இப்போது கிணற்றுக்குக் குழி வெட்ட யோசனை சொல்கிறார். நல்லது.

உன் அம்மா இத்தனை வருஷமும் கொல்லைக்குப் போய் வரவில்லையா? நீ பிறந்து வளர்ந்து பி.யூ.சி. படித்தது இந்த வீட்டில்தானே? நெய்வேலிக்குப் போய் இரண்டு வருஷத்தில் கால் கூசுகிறதாக்கும்.

பர்னபாஸ் வருகிற திங்கள்கிழமை தூணுக்கு அஸ்திவாரக் குழி தோண்டுகிறான். தையில் நீ வரும்போது போர்டிகோவின் கீழ் நின்றுதான் ஆரத்தி எடுத்துக்கொள்வாய்.

சிவனணைந்தபெருமாள்


நெய்வேலி
1.10.1974

ஐயாவுக்கு,

கிணற்றைப் பற்றி நீங்கள் எழுதியது சரிதான். பக்கத்தில் குழி வெட்டக் கூடாது. இவரிடமும் சொன்னேன், ஒத்துக்கொண்டார். ஆனால் குழிக்கு இடமில்லை என்பதோடு பேச்சு முடிந்துவிட்டதாக நீங்கள் நினைப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கோபத்தில் எழுதுவதாக நினைக்காதீர்கள். கோபம் இருக்கிறது. அதைவிடப் பயம்தான் கூடுதல்.

சித்திரையில் நான் வந்திருந்தபோது ஒரு நாள் சாயங்காலம் புழுக்கம் தாங்காமல் அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. நான் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையில் வாங்கி, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, துளசிச் செடிக்கு ஊற்றினாள். “ஏம்மா?” என்றேன். “வெளக்கு வச்ச பொறவு நான் தண்ணி குடிக்கது இல்லளா. குடிச்சா கொல்லைக்குப் போவணும்லா. கெணத்தடி பூராம் பாசி. ஊரு பூராம் எறைக்கி, ஈரம் காயவே மாட்டேங்கு. முட்டு வேற மடங்க மாட்டேங்கு. விழுந்து கெடந்தா ஒங்க ஐயாவுக்கு யாரு சோறு பொங்குவா?” என்றாள். எப்போதிருந்து என்று கேட்டேன். அவளுக்கே நினைவில்லை. “ஐயாட்ட சொல்லிராத, எந்தலை மேல சத்தியம்” என்றாள். அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது உடைக்கிறேன்.

தெருவே வந்து நம் வீட்டில் குடத்தை நிரப்பிக்கொண்டு போகிறது, ஐயா. வீட்டுக்காரி பொழுது சாய்ந்தால் நாக்கை நனைப்பதில்லை. நீர்க்கடுப்பு என்று அடிக்கடி படுத்துக்கொள்வாளே, அது சூடு என்றுதானே நீங்கள் நினைத்தீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இங்கே ஆஸ்பத்திரியில் என்னை எந்நேரமும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கச் சொல்கிறார்கள். மாசமாக இருக்கிறவள் அடக்கக் கூடாது, காய்ச்சல் வந்தால் பிள்ளைக்கு ஆபத்து என்கிறார்கள். நிறைமாதத்தில் நான் அந்தப் பாசியில் எப்படி நடப்பேன்? அம்மாவோடு சேர்ந்து நானும் நாக்கைக் கட்டிக்கொண்டு கிடக்கவா?

உள்ளே ஒரு வழி செய்யாவிட்டால் நான் வருவதற்கில்லை. இங்கேயே ஆஸ்பத்திரியில் பெற்றுக்கொள்கிறேன். மாமியார் என்ன சொன்னாலும் சரி.

வடிவு


தூத்துக்குடி
8.10.1974

மகளுக்கு,

கடிதம் கிடைத்தது.

உன் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். “எனக்கு அந்நேரம் தாகமே எடுக்காது. அவ புள்ளத்தாச்சி, என்னத்தையாவது எழுதுவா” என்கிறாள். பர்னபாசும் செல்லப்பாண்டியும் அங்கேதான் இருந்தார்கள். வேண்டுமானால் அவர்களைக் கேட்டுக்கொள்.

தலைப்பிள்ளைக்கு மகள் வராத வீடு என்று ஊர் பேசும். பேசட்டும். அதைக் கேட்கப் போகிறவன் நான்தான், நீ அல்ல.

தூணுக்கு அஸ்திவாரக் குழி தோண்டியாயிற்று.

சிவனணைந்தபெருமாள்


நெய்வேலி
2.11.1974

ஐயாவுக்கு,

உங்கள் கடைசிக் கடிதத்துக்குப் பிறகு நான் எழுதின இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. கோபமென்றால் கோபமென்றாவது ஒரு வரி எழுதக் கூடாதா?

இன்றைக்கு மெட்டில்டா அக்காவின் கார்டு வந்தது. அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக எழுதியிருக்கிறார்கள். ‘பயப்படாதே, மாதாவிடம் வேண்டியிருக்கிறேன்’ என்று வேறு எழுதியிருக்கிறார்கள். பயப்படாதே என்று எழுதினால் எப்படிப் பயப்படாமல் இருப்பது? கார்டு போட்டே நாலு நாளாகிவிட்டது. இப்போது எப்படி இருக்கிறாள்? நினைவோடு இருக்கிறாளா? சாப்பிடுகிறாளா? புறப்பட்டு வரலாம் என்றால் டாக்டர் இந்த மாதம் ரயில் ஏறக் கூடாது என்கிறார். இரண்டு தடவை தலைசுற்றி விழப் பார்த்தேன். அதை உங்களுக்கு எழுதவில்லை. நீங்களும் எழுதவில்லை. நாம் இரண்டு பேரும் ஒரே மாதிரிதான்.

கொத்தனாரையும் புரோக்கரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “ஒனக்கு ராத்திரி ஒண்ணுக்குப் போவப் பயமா?” என்று கேட்டால் அம்மா என்ன சொல்லுவாள், ஐயா?

இல்லை, அதை விட்டுவிடுங்கள். எனக்கு அதெல்லாம் வேண்டாம். முகப்பு கட்டுங்கள், என்னவும் செய்யுங்கள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒரு தந்தி மட்டும் கொடுங்கள். போஸ்ட்மேன் சைக்கிள் சத்தம் கேட்டாலே வயிற்றில் பிள்ளை புரளுகிறது.

வடிவு


தூத்துக்குடி
10.11.1974

மகள் வடிவுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். உன் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். கஞ்சி குடிக்கிறாள். இது உண்மை. வேண்டுமென்றால் மெட்டில்டாவுக்கு எழுதிக் கேட்டுக்கொள். இந்த வீட்டு நடப்பை எல்லாம் அவளிடம்தானே கேட்கிறாய்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை எழுதிவிடுகிறேன். அவள் முந்திக்கொண்டு எழுதுவதற்கு முன் நானே எழுதுவது நல்லது.

காய்ச்சல் மூத்திரப்பையில் இருந்து வந்தது என்று டாக்டரம்மா சொன்னார்கள். சின்ன வயசு. உன்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, “ஏன் பெரியவரே, ஒங்க வீட்டுல தண்ணி கெடையாதா?” என்று கேட்டார்கள். நம் தெருப் பெண்கள் நாலைந்து பேர் பார்க்க வந்திருந்தார்கள். மெட்டில்டா கையில் செம்பு. அதில் இருந்தது நம் கிணற்றுத் தண்ணீர்.

இத்தனை வருஷமாகக் கூடவே இருந்தவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லாததை நான் எப்படித் தெரிந்துகொள்ள முடியும்? மகளிடம் சொல்லத் தெரிகிறது, சத்தியம் வாங்கத் தெரிகிறது. அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது. அது போகாது.

இப்போது வேலை விஷயம்.

அவளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த மறுநாள் என்ன செய்வது என்று தெரியாமல் வாசலில் நின்றேன். நிறுத்தியிருந்த வேலைக்கு அன்றுதான் பர்னபாஸ் திரும்ப வந்திருந்தான். தூணுக்குத் தோண்டிய குழியில் தண்ணீர் நின்றது. இந்த வருஷம் பேருக்கு ஒரு மழை பெய்தது. அது பெய்து வாரக்கணக்காயிற்று. வெயில் அடித்தும் வற்றவில்லை. அப்படியென்றால் அது மழைத் தண்ணீர் இல்லை, ஊற்று. இறங்கி ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. வெறும் உப்பு அல்ல, உப்பளத்துப் பாத்தி மாதிரி கரித்தது. பர்னபாஸ், “என்ன அண்ணாச்சி, கருப்பட்டியா பாக்கிய?” என்று சிரித்தான்.

நின்று யோசித்தேன். வாசலில் ஓடுவது வேறு தண்ணீர், கொல்லையில் ஓடுவது வேறு தண்ணீர். இரண்டுக்கும் நடுவில் முழு வீடு நிற்கிறது. நிலமும் தெருவைப் பார்த்துத்தான் சரிகிறது. கொட்டின தண்ணீர் கிணற்றுப் பக்கம் ஏறாது. தொட்டியை வாசலில் வைத்தால் கிணற்றுக்குக் கேடில்லை.

பர்னபாசிடம் சொன்னேன். அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். “அண்ணாச்சி, வாசல்லயா கக்கூஸ் தொட்டி? கோலம் போடுத எடம்லா? மொகப்பு கட்டுதம்னு ஊரு பூராம் சொல்லிட்டு?” என்றான். அன்று சாயங்காலம் செல்லப்பாண்டி வந்து தலையில் அடித்துக்கொண்டான். “வீட்டு வெலைய நீங்களே குழி தோண்டிப் பொதைக்கிய அண்ணாச்சி. மொத அடி எடுத்து வைக்கதே அதுமேலன்னா எவன் வாங்குவான்?” என்றான்.

யாரும் வாங்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

சாமான் அறையிலிருந்து வாசல் வரை நடையின் ஓரமாகக் குழாய் போட வேண்டும். தரையை உடைக்க வேண்டும். தொட்டிச் சுவருக்கும் மேல் மூடிக்கும் சிமெண்ட் போனால் தூணுக்கு மிஞ்சாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டும் நடக்காது. ஒன்றுதான். நான் சொல்ல வந்தது இதுதான்: இது நீ எழுதியதற்காகச் செய்வதல்ல. தண்ணீரைப் பார்த்துத் தீர்மானித்தது.

உன் தலைச்சுற்றலைப் பற்றி எழுதாமல் விட்டது தப்பு. இனி எழுது.

சிவனணைந்தபெருமாள்


நெய்வேலி
24.11.1974

அன்புள்ள ஐயாவுக்கு,

தந்தி வந்த அன்றைக்குத்தான் தூங்கினேன். ‘யாரும் வாங்க வேண்டாம்’ என்று நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு இவர் வெளியே போய்விட்டார். திரும்பி வந்து, “மாமாவுக்கு என் மேலதான் கோவமா?” என்று கேட்டார். கல்யாணத்துக்கு மறுநாள் கேட்ட கேள்வியை அப்போதுதான் சொன்னேன். திகைத்துப்போனார். இவர்கள் குடும்பம் சந்தைக்குச் சந்தை போகிற மாட்டு வியாபாரக் குடும்பம் இல்லையா, ஐயா. அங்கே ஒன்றைப் பாராட்டுவதென்றால் விலை கேட்பதுதான் வழக்கமாம். நல்ல காளையைப் பார்த்தால் வாங்குகிற எண்ணமே இல்லாவிட்டாலும் என்ன விலை போகும் என்று கேட்டுவிட்டுத்தான் நகருவார்களாம். கேட்காமல் போனால் உடையவனுக்கு வருத்தமாம். “வீடு அவ்வளவு நல்லா இருந்திச்சி, அதான் கேட்டேன்” என்கிறார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நீங்களும் வியாபாரி. உங்களுக்குத் தெரிந்திருக்கலாமே என்று எழுத வந்தேன், எழுதவில்லை.

என் கவலை இப்போது நாள்தான். டாக்டர் தை முதல் வாரத்துக்குள் புறப்பட வேண்டும், அதற்குப் பிறகு ரயிலில் ஏற விட மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தளம் இறுக எத்தனை நாள் ஆகும்? இதற்குள் மூட்டை கல்லாகிவிடாதா? குழாய் கிடைக்கிறதா? வேலை பாதியில் நின்று, பழையதையும் இடித்துவிட்டு, இரண்டும் இல்லாமல் அம்மா என்ன செய்வாள்? பழையதை இடிக்காமல் வைத்திருக்கிறீர்களா? கிணற்றடியில் ஒரு கயிறாவது கட்டிக் கொடுங்கள், பிடித்துக்கொண்டு நடக்க.

தீபாவளிக்கு என்னால் வர முடியவில்லை. தலைச்சுற்றல் இப்போது இல்லை. கால் வீங்கியிருக்கிறது. எழுதச் சொன்னீர்கள் என்று எழுதுகிறேன்.

முகப்பு போய்விட்டதே என்று எனக்கும் கஷ்டமாக இருக்கிறது, ஐயா. உங்கள் பெயர் இருந்திருக்கும்.

வடிவு


தூத்துக்குடி
7.1.1975

மகள் வடிவுக்கு,

வேலை முடிந்தது. நடுவில் எழுத நேரமில்லை. நீ பயந்தபடியே அடிமூட்டை இரண்டு கல்லாகிவிட்டது. அவற்றை உடைக்காமல் கிணற்றடியில் படியாகப் போட்டிருக்கிறேன். தொட்டி மூடிக்கு மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி வைத்தேன். காலையிலும் சாயங்காலமும் நானே ஊற்றினேன். நம் கிணற்றுத் தண்ணீர். உப்புத் தண்ணீர் பட்டால் உள்ளே கம்பி அரித்துவிடும். இப்போது அதன்மேல் பாரவண்டியே ஏறினாலும் தாங்கும்.

தெருவில் சிரிக்கிறார்கள். ‘பெருமாள் அண்ணாச்சி மொகப்பு’ என்று தொட்டி மூடிக்குப் பெயர் வைத்திருக்கிறார்களாம். மெட்டில்டா வந்து சொன்னாள். “அண்ணாச்சி, வடிவு வந்து எறங்கும்போது அதுமேல நிக்க வச்சுத்தான் ஆரத்தி எடுக்கணும், வேற எடமே இல்ல” என்றாள். நிற்கட்டும் என்றேன். உன் அம்மா முதல் நாளே அதில் கோலம் போட்டுவிட்டாள். “மண்ணுல போட்டதவிட இதுல இழை நல்லா நிக்கி” என்கிறாள்.

போன வாரம் செல்லப்பாண்டி, நான் கூப்பிடாமலேயே, துறைமுக ஆபீசர் ஒருவரையும் அவர் சம்சாரத்தையும் கூட்டி வந்துவிட்டான். சும்மா பார்க்க என்றான். அந்த ஆபீசர் வாசலில் நின்று சுவரைத் தட்டிப் பார்த்தார். அந்தம்மா யாரையும் கேட்கவில்லை. நேரே நடை வழியாக உள்ளே போய், சாமான் அறைக் கதவைத் திறந்து, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு வந்தார்கள். கிணற்றுத் தண்ணீரை வாங்கிக் குடித்தார்கள். வெளியே வந்து புருஷனிடம், இந்த வீடு என்றால் சரி என்று சொல்லிவிட்டார்கள். தொட்டி எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தார்கள். செல்லப்பாண்டி வாயைப் பிளந்தான். அவர்கள் சொன்ன விலையை எழுத மாட்டேன். மாப்பிள்ளையிடம் நேரில் சொல்கிறேன். அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் இப்போது பதில் இருக்கிறது. காளை விற்பனைக்கு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

நீ குளியலறைக் கதவைப் பற்றி எழுதினது நினைவுக்கு வந்தது. யாரோ ஒரு பெண் உன்னைப் போலவே செய்துவிட்டாள் என்பதால் நீ சொன்னது முழுக்கச் சரி என்று ஆகிவிடாது. உன் பேச்சைக் கேட்டுக் கொல்லையில் வெட்டியிருந்தால் அந்தம்மா குடித்த தண்ணீர் எப்படி இருந்திருக்கும்? அதை நினைத்துக்கொள்.

பொங்கலுக்கு மறுநாள் இங்கிருந்து புறப்படுகிறேன். கீழ்ப் பலகைக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். உன் வீங்கின காலை நீட்டிக்கொள்ளலாம். ரயில் தண்ணீரைக் குடிக்காதே. ஒரு கூஜா நிறைய நம் கிணற்றுத் தண்ணீர் கொண்டு வருகிறேன். வழி நெடுகக் குடி. வண்டியிலும் கக்கூஸ் இருக்கிறது. நான் கதவுப் பக்கம் நின்றுகொள்கிறேன்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. வண்டி குலுக்கும், உனக்கு எட்டாம் மாதம், வழியில் எந்த ஊரில் ஆஸ்பத்திரி இருக்கிறது என்று விசாரித்து எழுதி வைத்திருக்கிறேன். உன் அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

ஒன்று விட்டுப்போயிற்று. நேற்று விளக்கு வைத்த பிறகு உன் அம்மா அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, “இந்தாங்க, தொண்ட வறளுது, ஒரு செம்பு தண்ணி” என்றாள். பானையில் இருந்தது. நான் கிணற்றுக்குப் போய்ப் புதிதாக இறைத்துக்கொண்டு வந்தேன். குடித்து முடித்துவிட்டு இன்னொரு செம்பு கேட்டாள்.

சிவனணைந்தபெருமாள்